படுத்தால் தீரும் தலைவலி



சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், சத்திரம் பேருந்து நிலையத்தில் திருவரங்கம் செல்லும் பேருந்துக்காக நாம் காத்திருந்தோம். அருகே ஓர் இளந்தாய், கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தையும் பொருட்படுத்தாது இருக்கையில் நீட்டிப் படுத்துவிட்டாள். நெற்றியில் சுக்குப் பற்று. நம் அங்கியைக் கண்ட மாமியார் முறையிட்டார்: “தோத்திரம் சாமி. ஆபரேசன் பண்ணிப் பிள்ளை பெத்து ஆறு நாளாச்சு. எழுந்தா தலை பிளக்குதாம், படுத்தா சரியாப் போயிடுதாம். தலையிலே நீர் கோத்திருக்கும்னு பற்றுப் போட்டேன், கேக்கலை. வேலைக்குப் பயந்த தலைவலியோ என்னவோ!”

நோயாளிகளைச் சந்திக்கச் சென்ற இடத்தில் மயக்க மருந்து நிபுணர் ஒருவர் முன்பு விளக்கியது நம் நினைவுக்கு வந்தது. “முதுகில் ஊசி போட்டார்களா?” என்று கேட்டோம். “ஆமாம் சாமி” என்றாள் அந்தப் பெண், கண்ணைத் திறவாமலே.

நீர் கோத்த தலைவலியன்று இது. நீர் குறைந்த தலைவலி. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் தெளிந்த நீர் இருக்கிறது. மூளை அதில் மிதக்கிறது. ஊசி துளைத்த உறையின் வழியே அந்நீர் கசிந்தால் அழுத்தம் குறைகிறது. எழுந்து நின்றதும் மூளை சற்றே கீழிறங்க, வலி கிளம்புகிறது, படுத்ததும் தணிகிறது. ஊசியே இன்றித் தானாக உறை கிழிந்து இந்நோய் வருவதும் அரிதாக உண்டு.

இதனை முதலில் விவரித்தவர் நடித்தவரல்லர். முதுகில் மருந்து செலுத்தி உடலை மரக்கச் செய்யும் முறையை 1898-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த செருமானிய அறுவை மருத்துவர் ஆகுஸ்ட் பியர், அதைத் தம் உடலிலேயே சோதித்தார். தண்டுநீர் மிகுதியாக வெளியேறிவிட்டது. ஒன்பது நாள் எழ முடியாத தலைவலி. படுத்தால் மட்டுமே நிம்மதி.

இன்று நுனி மழுங்கிய மெல்லிய ஊசிகளால் இத்தொல்லை பெரிதும் குறைந்துள்ளது. ஆகவே ஊசிக்கு அஞ்ச வேண்டா. எத்தனையோ தாய்மாரைக் காத்த ஊசி அது. வந்தாலும், ஓய்வாலும் மருந்தாலும் பலருக்கு ஓரிரு வாரத்தில் தீரும். தீராவிடில், நோயாளியின் இரத்தத்தையே சுமார் 20 மில்லி லிட்டர் எடுத்து முதுகில், உறைக்கு வெளியே செலுத்துவர். அது உறைந்து துளையை அடைக்கும். 1960-இல் அமெரிக்க மருத்துவர் கார்ம்லி காட்டிய வழி இது.

ஆனால் அசட்டை கூடாது. பார்வை இரட்டையாகத் தெரிதல், காது மந்தமாதல் உண்டாகலாம். அரிதாக மூளையின் மேலுறைக்கடியில் இரத்தம் கசியும். மூளையின் இரத்த நாளத்தில் கட்டியும் உறையும். படுத்தும் வலி தணியாமற்போனால், அல்லது வாந்தி, மயக்கம், காய்ச்சல், வலிப்பு கண்டால், ஒரு நாழிகையும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பேறுகாலத்துத் தலைவலிக்கு இரத்தக் கொதிப்பும் காரணமாகலாம். எனவே வீட்டிலேயே முடிவு கட்டலாகாது.

இவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். திருவரங்கம் பேருந்து வந்தது. மாமியார் ஏறவில்லை. மருமகளின் தலையைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “அந்த ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போறோம் சாமி” என்றார்.

சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தபோது, ‘ஏன் படுத்திருக்கிறாய்?’ என்று ஆண்டவர் கேட்டதாக மாற்கு எழுதவில்லை. அருகில் சென்று கையைப் பிடித்துத் தூக்கினார் என்றே எழுதுகிறார். நம் இல்லத்தில் படுத்திருப்பவரை எழுப்புமுன், அவர் சொல்வதை நம்புவோம்.