அந்தச் சின்ன நர்ஸை விரட்டாதீர்கள்!

ஆஸ்பத்திரியில் ஊசி போடவோ, ரத்த அழுத்தம் பார்க்கவோ நர்சிங் மாணவி வந்தால், "நீ வேண்டாம்மா, பெரிய சிஸ்டரை வரச் சொல்லு" என்று திருப்பி அனுப்புகிற வழக்கம் நம்மவர்களிடம் நிறையவே இருக்கிறது. "எங்க வீட்டு ஆளை வெச்சுத்தான் நீ கத்துக்கணுமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறவர்களும் உண்டு. படுத்திருப்பது நம் வீட்டு மனிதர் என்பதால் பயம் வருவது நியாயம்தான். ஆனால், அந்தக் கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் அந்தச் சின்னப் பெண் இல்லை என்பது என் கருத்து.

நாம் தேடுகிற 'பெரிய சிஸ்டர்' எல்லோரும் ஒரு காலத்தில் கை நடுங்க முதல் ஊசியைப் போட்டவர்கள்தான். கல்லூரியில் முதலில் பொம்மையை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் பொம்மைக்கு வலிக்காது, ஜுரத்தில் பிதற்றாது, நரம்பு நழுவாது. "தலை சுத்துதும்மா" என்று அது சொல்லவும் போவதில்லை. அதையெல்லாம் வார்டில், நோயாளி பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும்.

அதிலும் மெடிக்கல் வார்டு இருக்கிறதே, அது பெரிய பள்ளிக்கூடம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பக்கவாதம், நிமோனியா, மஞ்சள் காமாலை, பாம்புக்கடி என்று எல்லாம் வந்து சேரும் இடம். ஆபரேஷன் என்றால் கட்டைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். இங்கே நோய் உள்ளே இருக்கும். கண்ணால் கவனித்துக்கொண்டே இருந்தால்தான் பிடிபடும். பாம்பு கடித்தவருக்கு இமை சரிகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாதத்தில் படுத்தவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். குடித்த தண்ணீர் எவ்வளவு, போன சிறுநீர் எவ்வளவு என்று அளந்து எழுத வேண்டும்.

மூச்சை எண்ணுவதிலேகூட ஒரு நுணுக்கம் இருக்கிறது. "உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்று நோயாளியிடம் சொல்லிவிட்டால் போச்சு, அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும்! அதனால் நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே, ஒரு முழு நிமிடம் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவார்கள். புத்தகத்தில் இது ஒரு வரிதான். கைக்கு வர நாளாகும்.

என் மாமியார் சர்க்கரை அதிகமாகி ஓர் ஆஸ்பத்திரியின் மெடிக்கல் வார்டில் பதினோரு நாள் இருந்தார். கூட இருந்து கவனித்ததில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை, இரண்டாம் வருட மாணவி ஒருத்தி இன்சுலின் போட வந்தாள். மருந்து பாட்டில் 40 யூனிட் ரகம். வெளிக்கடையிலிருந்து வந்த சிரிஞ்சோ ஆரஞ்சு மூடி போட்டது, அதாவது 100 யூனிட் ரகம். அந்தப் பெண் 10 என்ற கோடு வரை இழுக்கப் போனாள். பின்னால் நின்ற ஆசிரியை சத்தம் போடாமல், "மூடியோட கலரைப் பாரும்மா. இப்ப பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு வாசி" என்றார். வாசித்தாள். முகம் வெளுத்துவிட்டது. சிவப்பு மூடி சிரிஞ்சு வரவழைத்துச் சரியாகப் போட்டாள்.

அப்படியே போட்டிருந்தால் 10 யூனிட் போக வேண்டிய இடத்தில் 4 யூனிட்தான் போயிருக்கும். இதையே மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் 25 யூனிட் போய்விடும். நோயாளி மயங்கி விழ அது போதாதா? வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இருந்தால், சகோதரிகள் இன்றே பாட்டிலையும் மூடியையும் ஒத்துப் பாருங்கள்.

அன்று காப்பாற்றியது எது? பின்னால் ஒருவர் நின்றதுதான். அந்த மாணவி இனி ஆயுசுக்கும் மூடி நிறத்தைப் பார்க்காமல் ஊசி எடுக்க மாட்டாள். இதற்குப் பெயர்தான் பயிற்சி.

ஆனால், மற்ற நாட்களில் நான் கண்டது வேறு. ஆசிரியை காலையில் வந்து வருகைப் பதிவு எடுத்துவிட்டுப் போய்விடுவார். வார்டு நிறைய நோயாளிகள், பார்க்க ஒன்றிரண்டு ஸ்டாஃப் நர்ஸ்கள்தான். அவர்கள் யாரைப் பார்ப்பார்கள், யாருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்? அதனால் மாணவிகள் ரத்த சாம்பிளை லேபுக்கு எடுத்துப் போவதும், ஃபைல் தூக்குவதும், படுக்கை விரிப்பு மடிப்பதும், ஸ்ட்ரெச்சர் தள்ளுவதுமாக ஓடிக்கொண்டே இருந்தார்கள். படுக்கை விரிப்பதும் நர்ஸின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்றே நாள் முழுக்க என்றால், பணம் கட்டிப் படிக்க வந்த பெண் சம்பளமில்லாத வேலையாள் ஆகிவிடுகிறாள் அல்லவா?

எங்கள் தெருவில் நர்சிங் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். "இத்தனை ஊசி போட்டேன், இத்தனை பேருக்கு டியூப் போட்டேன்னு நோட்டுல கையெழுத்து வாங்கணும் அத்தை. செய்யாததுக்கும் சில பேர் வாங்கிடுவாங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கையெழுத்தை நம்பித்தானே நாளைக்கு அவளிடம் ஒரு வார்டையே ஒப்படைப்பார்கள்?

விதிகள் இல்லாமல் இல்லை. பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியை, ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற கணக்கை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. 1946லேயே வேலூரில் நர்சிங் பட்டப்படிப்பு ஆரம்பித்த பெருமை நம் மாநிலத்துக்கு உண்டு. பழைய 1947ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய ஆணையம் அமைக்க 2023ல் பார்லிமென்டில் சட்டமும் நிறைவேறிவிட்டது. சட்டம் புதிதாக வந்தால் மட்டும் போதுமா? வார்டில் ஆள் நிற்க வேண்டாமா?

இன்னொன்று, அந்தப் பிள்ளைகளின் உயிர். பயன்படுத்திய ஊசி கையில் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தில் ஏறிவிடலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. இதைப் போட்ட பிறகுதான் வார்டுக்கு அனுப்ப வேண்டும். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடாமல், அதற்கென்று உள்ள குத்தாத டப்பாவில் போடும் பழக்கத்தை முதல் நாளே சொல்லித்தர வேண்டும். மகளை நர்சிங் சேர்க்கும் தாய்மார்கள் ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் எப்படி என்று கேட்பதோடு நிற்காமல், "எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி? வார்டில் கூட யார் இருப்பார்கள்? தடுப்பூசி உண்டா?" என்றும் கேட்க வேண்டும். பையனைச் சேர்த்தாலும் இதேதான்.

நோயாளியோடு கூட இருக்கும் நாமும் செய்யக்கூடியது உண்டு. மாணவி வந்தால் விரட்டாமல், "என்ன வருஷம் படிக்கிறேம்மா? உன் டீச்சர் கூட இருக்காங்களா?" என்று அன்பாகக் கேட்கலாம். இருந்தால் செய்யட்டும். இல்லையென்றால், "அவங்களைக் கூட்டிட்டு வாம்மா, நான் காத்திருக்கேன்" என்று சொல்வதில் தப்பே இல்லை. அப்படிக் கேட்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது. பத்துப் படுக்கையிலிருந்தும் இதே கேள்வி வந்தால், ஆசிரியை வார்டை விட்டு எப்படி நகர முடியும்?

கிள்ளுக்கீரையாக நினைத்து "ஏய் பொண்ணு" என்று கூப்பிடுவதையும் விட்டுவிடலாம். என் மாமியார் கடைசி வரை "வா கண்ணு" என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பெண்களும் அவரை ஓடி ஓடிக் கவனித்தார்கள்.

நமக்கும் வயதாகும். நாமும் ஒருநாள் வார்டில் படுப்போம். அன்று நம் நாடியைப் பிடிக்கப் போவது இன்று மிரண்டு நிற்கிற இந்தப் பிள்ளைகள்தான். இவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்க வார்டுக்கு வார்டு ஆசிரியை நிற்க வேண்டும். காலியாக இருக்கும் ஸ்டாஃப் இடங்களை மாணவிகளை வைத்து ஒப்பேற்றக் கூடாது. செய்ததற்கு மட்டுமே கையெழுத்துப் போட வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?

— ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.