பேராதனைப் பூங்காவுக்கும் ஒரு ‘சீசன்’ வேண்டும்

ஓகஸ்ட் மாதத்தில் கண்டி நகரம் நிரம்பி வழியும். எசல பெரஹெர பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வருகிறது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் பாடசாலைகளுக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஊருக்கு வந்து, யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் பார்த்துவிட்டு, கொழும்புக்குத் திரும்பும் வழியில் கண்டியில் இரண்டு நாள் தங்கிப் போகின்றன. அந்தப் பிள்ளைகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஓடி விளையாடும் அதே ஞாயிற்றுக்கிழமை, பூங்காவிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் உள்ள தோட்டப் பிள்ளைகள் லயன் வாசலில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். இந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை வெறும் பணத்தால் மட்டும் அளந்துவிட முடியாது.

ரொறன்ரோப் பக்கத்துக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வோன் நகரில் 1981இல் திறக்கப்பட்ட ‘கனடாஸ் வொண்டர்லாண்ட்’ என்ற கேளிக்கைப் பூங்கா, ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழக்கமான இடம். அங்கே ஒவ்வொரு முறையும் சீட்டு வாங்கிப் போகலாம். அல்லது பருவம் முழுவதற்கும் ஒரு பாஸ் எடுக்கலாம். சில தடவைகள் போய்வந்தால் பாஸுக்குக் கொடுத்த காசு தேறிவிடும். மாதத் தவணையில் கட்டும் வசதியும் உண்டு. இதில் கம்பனிக்கு இலாபம் இருக்கிறது. பூங்கா பூட்டிக்கிடக்கும் குளிர்காலத்திலேயே அடுத்த பருவத்துக்கான பணம் கைக்கு வந்துவிடுகிறது. பாஸ் வைத்திருப்பவர் உள்ளே வந்தபின் சாப்பாட்டுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் செலவழிக்கிறார்.

குடும்பத்துக்குக் கிடைப்பது வேறொன்று. அவசரம் போய்விடுகிறது. ஒரு நாள் சீட்டோடு போகும் தகப்பன், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுவார். பாஸ் இருந்தால், மழை வந்தால் வீட்டுக்குத் திரும்பலாம், பிள்ளை அழுதால் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், வேலை முடிந்த பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் மட்டும் போய்வரலாம். ‘இன்னொரு நாள் வரலாம்’ என்று சொல்ல முடிகிறது. அந்த ஒரு வசனத்தைத்தான் வருட பாஸ் விற்கிறது.

கண்டியில் அப்படியான கேளிக்கைப் பூங்கா இல்லை. ஆனால் பிள்ளைகளைக் கூட்டிப்போக இடம் இல்லாத ஊர் என்று கண்டியைச் சொல்ல முடியாது. வாவிக்கரை இருக்கிறது. உடவத்தகெலே காடு இருக்கிறது. கேகாலைப் பக்கம் 1975இல் தொடங்கிய பின்னவல யானைகள் சரணாலயம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பேராதனைப் பூங்கா இருக்கிறது. சுமார் 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி கங்கை.

இவற்றுள் பல ஒரு காலத்தில் அரசனின் தனி இன்பத்துக்கென்று இருந்தவை. கண்டி வாவியை 1807இல் வெட்டுவித்தவர் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்க வம்சத்தவர். மண் சுமந்தது குடிமக்கள், கரையோரத்துக் குளிக்கும் மண்டபம் அரசிகளுக்கு. பேராதனை, அதே வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் அரச தோட்டமாக இருந்தது. பிரித்தானியர் 1821இல் அதைத் தாவரவியல் பூங்காவாக்கினர். 1901இல் வந்த பிரித்தானிய இளவரசர், பிற்காலத்து ஐந்தாம் ஜோர்ஜ், நட்ட நாகலிங்க மரம் இன்றும் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை இந்தப் பூங்காவுக்குள்ளேயே நடத்தினார்.

மலையகத் தமிழருக்கு இந்தப் பூங்காவோடு இன்னும் நெருங்கிய கணக்கு ஒன்று உண்டு. இலங்கையில் தேயிலைச் செடி 1824இல் முதலில் நடப்பட்டது பேராதனையில்தான். பூங்கா அப்போது ஒரு பயிர்ப் பரிசோதனைக்கூடம். எந்தச் செடி இந்த மண்ணில் பிழைக்கும், எது ஏற்றுமதிக்கு உதவும் என்று பார்த்து, தோட்டத் துரைமாருக்கு விதையும் கன்றும் கொடுத்தது. தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு வணிகத் தேயிலைக்குத் தொடக்கமிட்டார். கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் தலைவிதி பிறகு தேயிலையோடு கட்டுண்டது. அவர்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணமே நடந்தது. இந்தச் சனத்தின் வாழ்க்கையைத் தீர்மானித்த பூங்காவுக்குள், அந்தச் சனத்தின் பிள்ளைகள் வாழ்நாளில் எத்தனை தரம் போகிறார்கள்?

கலஹாவிலிருந்து இறங்கும் பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நடுவால் வந்து பூங்காவுக்குக் கிட்டவே சேர்கிறது. தூரம் ஒரு தடையே இல்லை. தடை வேறெங்கோ இருக்கிறது. தோட்டச் சம்பளம் நாட்சம்பளம். பேர் விழுந்தால்தான் காசு. நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது. 2024இல் 1,350 ரூபாயானது. 2026 ஜனவரி முதல், வரவுக் கொடுப்பனவும் சேர்த்து 1,750 ரூபாய் என்று வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். கணவனும் மனைவியும் ஒரு வேலை நாளை விட்டால், இந்தப் புதிய கணக்கில் 3,500 ரூபாய் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போகலாம்தான். ஆனால் விறகு, உடுப்புத் துவைப்பு, மரக்கறித் தோட்டத்தில் கைக்காசு வேலை என்று எல்லாம் அந்த ஒரு நாளுக்குள்ளேதான் நெரிகின்றன. ஐந்து பேருக்குப் பஸ் காசு, நுழைவுச் சீட்டு, மத்தியானச் சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தால் தாய் தலையசைத்து மறுத்துவிடுவாள். 2019ஆம் ஆண்டின் அரச கணிப்பில் நாட்டின் வறுமை 14.3 வீதமாக இருந்தபோது தோட்டப்புற வறுமை 33.8 வீதம். அது 2022 நெருக்கடிக்கு முந்திய எண்.

உள்ளூர்ச் சீட்டு மலிவுதானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், வெளிநாட்டவர் கட்டுவதோடு ஒப்பிட்டால் உள்ளூர்க் கட்டணம் மிகச் சிறியது. கனடாவில் பிறந்த பிள்ளையோடு வரும் தமிழர் வாசலில் பல மடங்கு கொடுத்து மனம் நோகிறார். அவருடைய ஆதங்கத்தில் நியாயம் உண்டு. பிறந்த மண்ணில் தன் பிள்ளைக்கு வெளிநாட்டுச் சீட்டு வாங்க யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை அவர் கட்டிவிடுகிறார். பிள்ளை உள்ளே போய்விடுகிறது. மலிவான சீட்டுக்கு உரித்துள்ள பிள்ளைதான் வெளியே நிற்கிறது.

வடக்கு, கிழக்குப் பிள்ளைகளின் கதையும் இதிலிருந்து விலகியதல்ல. யாழ்ப்பாணத்தார் ஏ-9 நெடுஞ்சாலையைக் கண்டி வீதி என்றே சொல்வார்கள். கண்டியில் தொடங்கி 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி யாழ்ப்பாணத்தில் முடியும் வீதி அது. போர்க்காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கண்டி என்பது ஊரல்ல, ஒரு வீதியின் பெயர் மட்டும். அந்த வீதியும் 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. கண்டிக்குள் வாழ்ந்த தமிழருக்கோ நகரம் இருந்தும் உலாவ முடியாத காலம் ஒன்று இருந்தது. 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை வாசலில் விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் பொதுமக்கள் இறந்தார்கள். அதன்பின் சோதனைச் சாவடிகள் பெருகின. வாவிக்கரையில் காற்று வாங்கப் போகும் தமிழ் இளைஞர் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார். 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, பொது இடம் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொது அல்ல என்பதை நகரம் மறுபடி கண்டது.

1977 வன்செயலில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல, காந்தீயம் போன்ற அமைப்புகளின் உதவியோடு வவுனியாவிலும் அதைச் சூழவும் குடியேறின. வன்னியில் வேரூன்றிய அவர்களின் பிள்ளைகள் 2009 வரை இடம்பெயர்ந்துகொண்டே இருந்தார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பாடசாலைக் கல்விச் சுற்றுலாவில் கண்டிக்கு வருகிறார்கள். விடியப்புறம் பஸ், பேராதனையில் ஒன்றரை மணித்தியாலம், மாளிகை, வாவி, பிறகு இரவோடு இரவாகத் திரும்பல். பாட்டனார் பிறந்த மலையைப் பஸ் யன்னலால் பார்த்துவிட்டுப் போகிறார்கள். திரும்பி வருவோமா என்று தெரியாமல் ஊரைவிட்டு ஓடிய சனத்துக்கு, ‘இன்னொரு நாள் வரலாம்’ என்று சொல்லக்கூடிய ஓர் இடம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

டித்வா புயலின் மண்சரிவு காயாத நேரத்தில் பூங்காக் கதையா என்ற கேள்வி வரும். 2025 நவம்பர் இறுதியில் வந்த அந்த அனர்த்தத்தில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கண்டி மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. வீடும் பாதுகாப்பான காணியும்தான் முதல் தேவை, அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் வீடு கிடைக்கும்வரை பிள்ளையின் பிள்ளைப் பருவம் காத்துநிற்பதில்லை. இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தபின் தரப்படும் சன்மானமாக அதை எழுதிவைக்கவில்லை. முகாமிலும் பதுங்குகுழியிலும் வளர்ந்தவர்களுக்கு, விளையாடாமல் போன வருடங்கள் பிறகு திரும்பி வராது என்பது தெரியும்.

என்ன செய்யலாம்? வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகள் இ.போ.ச. பஸ்ஸில் சலுகைச் ‘சீசன்’ டிக்கட்டில் போகிறார்கள். பெரும்பங்கை அரசு ஏற்கிறது. அதே முறையில் அரச பூங்காக்களுக்குக் குடும்பச் சீசன் ஒன்று தோட்டப் பாடசாலை வரை வந்து சேர வேண்டும். விலை ஒரு நாட்சம்பளத்தைத் தாண்டக் கூடாது, தவணையில் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பாட்டனும் பாட்டியும் குடும்பக் கணக்கில் சேர வேண்டும், ஏனென்றால் தோட்டங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அவர்கள்தான். பிரதேச செயலகமோ பாடசாலையோ அதை வழங்கினால் வாசலில் யாரும் ஏழ்மையை நிரூபித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு கலஹா, புசல்லாவ, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கங்களிலிருந்து ஒரு பஸ் ஓடினால் பாதி வேலை முடிந்துவிடும். வருமானம் குறையும் என்று திணைக்களம் அஞ்சத் தேவையில்லை. சீட்டு வாங்கி வராத குடும்பத்திடமிருந்து இன்று வரும் வருமானம் சைபர்.

வடக்கு, கிழக்குக்கும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. தேசிய தாவரவியல் பூங்காக்கள் திணைக்களத்தின் கீழ் பேராதனை, ஹக்கல, கம்பஹா ஹெனரத்கொட, அவிசாவளை சீதாவாக்கை, அம்பாந்தோட்டை மிரிஜ்ஜவில என்று ஐந்து பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. இந்த ஐந்தில் ஒன்றும் வடக்கிலோ கிழக்கிலோ இல்லை. முல்லைத்தீவுப் பிள்ளைக்குச் சீசன் கொடுத்தாலும் அவள் போக ஒரு பூங்கா கிட்ட இருக்க வேண்டும். ஊருக்கு உதவ நினைக்கும் புலம்பெயர் சங்கங்கள் கோயில் கோபுரத்துக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் கொடுப்பதில் ஒரு சிறு பங்கை, ஊஞ்சலும் நிழல் மரமும் குடிதண்ணீரும் உள்ள ஒரு விளையாட்டிடத்துக்கும் அதைப் பராமரிக்கும் ஒருவரின் சம்பளத்துக்கும் ஒதுக்கலாம். திறப்பு விழாவோடு முடிந்துவிடாத உதவியாக அது இருக்கும்.

அரசனுக்கென்று இருந்த தோட்டம் துரைமாரின் ஆய்வுக்கூடமாகி, பிறகு பொதுப் பூங்காவானது. பொது என்ற அந்தச் சொல் தோட்டத்து லயன் வரைக்கும் இன்னும் நடந்து வரவில்லை. அங்கே வாழும் ஒரு தாய் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தலைவாரி விட்டு, காசை இரண்டு தரம் எண்ணாமல் பேராதனை பஸ்ஸில் ஏறும் நாளில், அது வந்து சேரும்.