தேயிலைக்கும் பூ இருக்கு

பொங்கலுக்குக் கையால வாழ்த்து மடல் செய்யலாம்னு உட்கார்ந்தால், கடையில் கிடைக்கும் அச்செல்லாம் ரோசாவும் செர்ரிப்பூவும்தான். ரோசாவாவது லயத்து வாசலில் இருக்கு. செர்ரி புசல்லாவையில் யார் வீட்டில் பூக்குது? வாங்கிய அச்சை மையில் தொட்டு ஒற்றிவிட்டு 'கைவேலை' என்று சொல்லிக்கொள்கிறோம்.

1841இல் மொரிஸ் டி வோர்ம்ஸ் சீனத் தேயிலையைக் கொண்டுவந்து நட்டது எங்கள் ஊர் ரொத்சைல்ட் தோட்டத்தில். ஜேம்ஸ் டெய்லருக்கும் முந்திய கதை. இவ்வளவு காலம் தேயிலைக்குள்ளேயே இருந்தும் அதன் பூவை ஒரு மடலிலும் நாங்கள் பார்த்ததில்லை. சுற்றுலாக் கடை மடல்களில் கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் அக்காதான் எப்போதும். ஓயாமல் கொழுந்து பறித்து, கவ்வாத்தும் வெட்டினால் செடி எங்கே பூப்பது? காடாகிப்போன மலையில் போய்ப் பாருங்கள். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் கொத்து.

அதை அழிறப்பரில் பென்சிலால் வரைந்து, பிளேட்டால் செதுக்குங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளைப்பூ எப்படித் தெரியும்னு கேட்பீங்க. பிரிஸ்டல் போட்டில் கடுஞ்சாயத்தைத் தடவிக் காயவிட்டு, வெள்ளை போஸ்டர் வர்ணத்தில் ஒற்றுங்கள். மஞ்சளுக்குப் பென்சில் முனையால் புள்ளி. எழுத்தை மட்டும் திருப்பிச் செதுக்கணும். எங்கள் முதல் 'பொங்கல்' கண்ணாடியில்தான் வாசிக்க முடிந்தது.

செய்த மடலைக் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாவிடம் காட்டினோம். உற்றுப் பார்த்தார்.

"செடிய இப்படிப் பூக்கவிட்டா தொர ஏசுவாரே!"

மடலை அவங்களிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.