பீஸ் கட்டுவது அம்மா, சான்றிதழ் அப்பா பெயரிலா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கணவரைப் பிரிந்து நான்கு வருடம். விவாகரத்து வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக நகர்கிறது. பையன் ஏழாம் வகுப்பு, அவளிடம்தான் இருக்கிறான். வளையலை அடகு வைத்து பீஸ் கட்டியிருக்கிறாள். பள்ளியில் கொடுத்த கட்டணச் சான்றிதழிலோ அப்பா பெயர் மட்டும். அதைப் பார்த்துவிட்டு அவள் அலுவலகத்தில் வரிக்கழிவு தர முடியாது என்று திருப்பிவிட்டார்கள்.

“கட்டினது நான்தானே சார்?” என்றாள்.

சட்டம் கேட்பதும் அதைத்தான். பழைய வரி முறையில் இரண்டு பிள்ளைகள் வரை கல்விக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு. மற்ற சேமிப்புகளோடு சேர்த்து ஒன்றரை லட்சம் வரம்பு. யார் கட்டினாரோ அவருக்கு, கட்டிய அளவுக்கு. அப்பாவா அம்மாவா என்ற பேச்சே அதில் இல்லை. (புதிய முறையில் இந்தக் கழிவே கிடையாது.) ஆக, இல்லாத விதியை உண்டாக்கியது பள்ளிக்கூடமும் அலுவலகமும்தான்.

ஆனால் சட்டத்தையும் நான் சும்மா விடப்போவதில்லை. அந்தப் பையன் பெயரில் தாத்தா போட்ட வைப்புத்தொகை இருக்கிறது. வருமான வரிச் சட்டப்படி, மைனர் பிள்ளையின் வட்டி பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். திருமண பந்தம் முடிந்துவிட்டால் பிள்ளையைப் பராமரிப்பவர் கணக்கில் சேரும். தீர்ப்பு வராதவரை பிரிந்து வாழ்வது இந்த விதியின் கண்ணுக்குத் தெரியாது. பேச்சுவார்த்தையே அறுந்துபோன மனிதரிடம் போய், “உங்கள் வருமானம் அதிகமா, என்னுடையதா?” என்று அவள் எப்படிக் கேட்பாள்? பராமரிப்பவர் கணக்கு என்ற விதியைப் பிரிந்து வாழ்வோருக்கும் வைத்தால் என்ன குடி முழுகிவிடும்?

இருவரும் ஒரே பீஸைக் காட்டி ஏமாற்றுவார்களே என்பீர்கள். பணம் யார் கணக்கிலிருந்து போனது என்று வங்கி சொல்லாதா?

மகன் பெயரில் பத்திரம் வாங்க அம்மா கையெழுத்து போதாது என்று ரிசர்வ் வங்கி சொன்னதை எதிர்த்து எழுத்தாளர் கீதா ஹரிஹரன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999-இல் அம்மாவும் இயற்கைக் காப்பாளராகலாம் என்று தீர்ப்பு வந்தது. தனித்து வளர்க்கும் தாய் உள்ளவர்களுக்கு பான் விண்ணப்பத்தில் அப்பா பெயர் கட்டாயமில்லை என்று 2018-இல் வருமான வரித்துறையே மாற்றிக்கொண்டது. பள்ளிக்கூட பில் புத்தகம் மட்டும் மாறாதா?

நானும் குற்றவாளிதான். எத்தனையோ வருடம் சேர்க்கைப் பதிவேட்டில் ‘தகப்பனார் பெயர்’ கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டவன்.

இன்று பள்ளிகளிலும் கணக்குப் பிரிவுகளிலும் இருக்கும் என் மாணவர்களே, பணம் கட்டியவர் பெயரைச் சான்றிதழில் எழுதுங்கள். தனியாக வளர்க்கும் பெண்களே, ரொக்கமாகக் கட்டாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். “அனுசரித்துப் போயிருக்கலாமே” என்று சொல்ல வரும் உறவுகளே, முதலில் அந்த வளையலை மீட்டுக் கொடுத்துவிட்டு வந்து பேசுங்கள்.