ஏற்றிய ஊசியின் பலனை அளந்தறிவோம்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பப்பிலோமா வைரஸுக்கெதிரான தடுப்பூசி எமது நாட்டில் 2017 முதல் பாடசாலை மாணவியருக்கு ஏற்றப்படுகின்றது. அத்துடன் கடமை முடிந்துவிடுவதில்லை. அதன் பலனையும் அளந்தறிதல் வேண்டும்.

2008 இல் இத்திட்டத்தை ஆரம்பித்த ஸ்கொட்லாந்தில், 12 அல்லது 13 வயதில் ஊசி பெற்ற பெண்களில் ஒருவருக்கேனும் இந்நோய் ஏற்பட்டிருக்கவில்லையென 2024 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. தடுப்பூசிப் பதிவுகளையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் இணைத்துப் பார்க்க முடிந்தமையாலேயே அது தெரியவந்தது.

இங்கு முதலில் ஊசி பெற்ற மாணவியர் இன்று பராயமடைந்துவிட்டனர். 35 வயதில் அவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குச் செல்கையில், ஊசி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பதைப் பதிவுகள் கூற வேண்டும். பலன் எண்களால் நிறுவப்படாதவிடத்து வதந்திகளே பெற்றோரை ஆட்கொள்ளும். சுகாதார அமைச்சு இப்பணியில் தாமதிக்கலாகாதென நாம் வலியுறுத்துகின்றோம்.