மலையடிவாரத்து ஜுரம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பிலும், ராஜபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோவில் பக்கத்திலும் பளியர் குடும்பங்கள் வசித்து வருகின்றன. தேனும் கிழங்கும் தேடி மலைக்காட்டிற்குள் செல்வது அவர்களுடைய பரம்பரை ஜீவனம். அவர்களில் ஒருவருக்குக் குளிரும் நடுக்கமுமாக ஜுரம் கண்டால், அது மலேரியாவா அன்றா என்பது எத்தனை நாளில் தெரியவரும்? இக்கேள்வியை இவ்விரு ஊர்களின் பொதுஜன ஊழியர்கள் முன் வைக்கிறோம். தமிழ்நாட்டில் மலேரியா பெரிதும் அருகிவிட்டதே என்று சிலர் கூறக்கூடும். அருகிவிட்டதனாலேயே கேட்கிறோம்.

1947-இல் இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 7½ கோடிப் பேர் இந்நோயால் பீடிக்கப்பட்டனர். 8 லட்சம் பேர் மாண்டனர். 1953-இல் தேசியத் திட்டம் தொடங்கிற்று. 1961-இல் நோயாளிகளின் தொகை ஏறக்குறைய 50 ஆயிரமாகச் சுருங்கிற்று. நோய் ஒழிந்ததென்று எண்ணி அசட்டையாக இருந்தோம்; 1976-இல் 64 லட்சம் பேருக்கு ஜுரம் கண்டது. இலங்கையின் கதையும் இதுவே. அங்கே 1963-இல் 17 பேருக்கே மலேரியா. பத்தாண்டு கழியுமுன் லட்சக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தனர். அத்தீவு பாடம் கற்றுக்கொண்டு, 2016-இல் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நற்சான்று பெற்றது.

பழைய முறையில், ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, பழகிய கண் பூதக்கண்ணாடியால் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்முறையை நாம் குறை கூறவில்லை. இன்றும் அதுவே உரைகல். ஆனால் தகடு பட்டணத்திற்குப் போய் முடிவு திரும்புவதற்குள் காடு மலை வாசிக்கு நாட்கள் கழிந்துவிடுகின்றன. பால்ஸிபாரம் என்னும் கொடிய வகையோ மூளையைத் தாக்கிச் சில தினங்களில் உயிரையே கவரக்கூடியது. துரிதப் பரிசோதனை அட்டைக்கு விரல்நுனி ரத்தம் ஒரு துளி போதும். மருந்து நீரைச் சொட்டு விட்டால், கிருமியின் புரதத்தைக் கண்டு 15 அல்லது 20 நிமிஷத்தில் கோடு தோன்றும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் சிறிது பயிற்சியால் இதைச் செய்யலாம். பால்ஸிபாரம், வைவாக்ஸ் இரண்டையும் காட்டும் அட்டை நமது தேசியத் திட்டத்தில் 2013 முதல் வழங்கி வருகிறது.

ஒடிஸா மாகாணத்தார் 2017-இல் இதைத் துணிந்து கையாண்டனர். எட்டாத மலைக்கிராமங்களுக்குச் சென்று, ஜுரம் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் அனைவரையும் சோதித்து, நோய் கண்டவர்க்கு உடனே மருந்தளித்தனர். 2016-இல் 4 லட்சத்துக்கு மேலிருந்த தொகை 2019-இல் சுமார் 40 ஆயிரமாயிற்று. இதில் கொசுவலைக்கும் பங்குண்டு, அதையும் மறைக்கலாகாது.

அட்டை சர்வரோக நிவாரணி அன்று. கடும் வெப்பத்தில் அது கெடும். நமது சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அடுக்கி வைத்த பெட்டியை எவ்வாறு நம்புவது? கிருமி மிகக் குறைவாயின் கோடு தோன்றாமலும் போகலாம். நோய் தீர்ந்த பிறகும் சில வாரம் பொய்க்கோடு தோன்றலாம். வைவாக்ஸ் கிருமி ஈரலில் பதுங்குவதால் பதினான்கு நாள் மாத்திரையை வைத்தியர் சொற்படி முழுதும் உட்கொள்ள வேண்டும். அட்டையைக் கொடுத்து மருந்தை மறப்பது, பசித்தவனுக்கு இலையை மட்டும் போடுவதாகும்.

2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் வீட்டு வாயிலில் சோதிக்கிறது. அதே பையில் ஜுரத்திற்கான அட்டையும் மருந்தும் செல்லத் தடை என்ன? பளியரிலேயே ஓர் இளைஞரையோ பெண்ணையோ ஒவ்வொரு குடியிருப்பிலும் பழக்கி, உரிய ஊதியமும் அளிக்க வேண்டும். ராஜபாளையத்து நூற்பாலைகளில் வடமாகாணங்களிலிருந்து வந்து உழைப்போரின் விடுதிகளிலும் இவ்வசதி வேண்டும். அவர்கள் மீது பழி சுமத்த இதைக் கூறவில்லை. அவர்கள் நம் விருந்தினர். கொசுவோ ஊர் பேர் விசாரிப்பதில்லை.

2027-க்குள் உள்ளூர்ப் பரவல் அறவே நிற்க வேண்டுமென்பது இந்திய ஸர்க்காரின் நோக்கம். ஐப்பசி மழைக்கு முன் இவ்விரு ஊர்த் தொண்டர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் தத்தம் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, அட்டைகள் எத்தனை, அவற்றின் காலாவதித் தேதி யாது, மலைக்கு எடுத்துச் செல்பவர் யார் என்று விசாரித்து, கிடைத்த விடையை ஊர்க் கூட்டத்தில் பகிரங்கமாகப் படிக்க வேண்டும்.