தறி நனைந்தால் யார் தருவார்?

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டில் போய் "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டால், பல வீடுகளில் "ஓ, இருக்கே" என்றுதான் பதில் வரும். பீரோவிலிருந்து பிளாஸ்டிக் கவரோடு பாலிசியை எடுத்துக் காட்டுவார்கள். பார்த்தால் எண்டோமெண்ட் பாலிசி! பதினைந்து, இருபது வருஷம் கட்டினால் முதிர்வுத் தொகை வரும்.

சரி, தறிக்கு? ஜக்கார்டு பெட்டிக்கு? தறியில் ஏறியிருக்கும் பாவுக்கு? வாங்கி வைத்த ஜரிகைக்கு?

ஒன்றும் கிடையாது.

உடனே மேடையில் ஒருவர் "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்பார். வருஷா வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டுகிறவருக்கா விழிப்புணர்வு இல்லை? விற்றவருக்குத்தான் அக்கறை இல்லை. ஆயுள் பாலிசியில் முதல் வருஷ பிரீமியத்தில் கணிசமான பங்கு கமிஷனாகக் கிடைக்கும். ஒரு சின்னப் பட்டறையின் தீ பாலிசியில் பிரீமியமே கொஞ்சம். அதில் ஏஜெண்டுக்கு என்ன தேறும்? விற்பவருக்கு எது லாபமோ அது விற்கிறது. வாங்குபவருக்கு எது தேவையோ அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

அரசுத் திட்டங்களையும் பாருங்கள். பிரதமர் ஜீவன் ஜோதி திட்டம் வருஷத்துக்கு 436 ரூபாய், சுரக்ஷா திட்டம் 20 ரூபாய். இரண்டும் நல்ல திட்டங்கள்தான், கட்டாயம் எடுக்க வேண்டும். ஆனால் முதலாவது நெசவாளர் இறந்தால் பணம் தரும். இரண்டாவது விபத்தில் இறந்தாலோ ஊனமுற்றாலோ தரும். நெசவாளர் உயிரோடு இருந்து, தறி மட்டும் தண்ணீரில் போனால்? அந்தக் கேள்விக்கு இந்த இரண்டிலும் பதில் இல்லை.

தண்ணீர் கற்பனை பயமல்ல. குழித்தறி தரைக்குக் கீழே கால் வைத்து நெய்வது. அடைமழை என்றால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். 2015 மழையில் காஞ்சிபுரம் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். நனைந்த மரச்சட்டம் வளையும், ஜக்கார்டு அட்டைகள் ஊறிப் போகும், ஜரிகை கறுக்கும். அதன்பின் தறி ஓடும்வரை கூலியும் இல்லை.

இதற்கு பாலிசியே இல்லையா என்றால், இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசியை பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் தர வேண்டும் என்று ஐஆர்டிஏஐ விதித்திருக்கிறது. ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கானது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் அடக்கம். ஆனால் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, தொகை. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துச் சொல்வது பெரிய ஏமாளித்தனம். உதாரணத்துக்கு, 4 லட்ச ரூபாய் சரக்கை 2 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 1 லட்சம் சேதமானால் கிடைப்பது 50 ஆயிரம்தான். பாதிக்குக் காப்பீடு செய்தால் நஷ்டத்திலும் பாதிதான். இந்த பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் மன்னித்து விடுகிறார்கள். அதற்கு மேல் போனால் கத்தரிதான்.

இரண்டாவது, திருட்டு. வெள்ளமோ தீயோ வந்த 7 நாளுக்குள் நடந்த திருட்டு மட்டும்தான் இதில் சேரும். சாதாரண நாளில் பூட்டை உடைத்தால் அதற்குத் தனி பாலிசி வேண்டும்.

மூன்றாவது, கசிவு. தெருவெல்லாம் தண்ணீர் புரண்டு வருவது வெள்ளம். குழிக்குள் நாள்கணக்கில் ஈரம் ஊறுவதை 'மெல்ல மெல்ல ஏற்பட்ட சேதம்' என்று தள்ளிவிட இடமிருக்கிறது. எடுக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். தறியில் இருக்கும் பட்டு யாருடையது? பல வீடுகளில் தறி நெசவாளருடையது, பாவும் ஜரிகையும் மாஸ்டர் வீவருடையது அல்லது சங்கத்துடையது. அடுத்தவர் பொருள் தன் பொறுப்பில் இருக்கிறது என்று பாலிசியில் தனியாக எழுதாவிட்டால் அதற்கு கிளெய்ம் நிற்காது. அப்படியானால் பாவு கெட்ட நஷ்டம் யார் கணக்கில் ஏறும்? ஏற்கனவே முன்பணம் வாங்கியிருக்கும் நெசவாளர் அதை எதிர்த்து வாதாட முடியுமா?

அதனால் நியாயம் இதுதான்: சரக்கு யாருடையதோ பிரீமியமும் அவருடையது. நூறு தறிகளுக்குப் பட்டு கொடுப்பவர், அந்த நூறு வீடுகளின் முகவரியையும் எழுதி ஒரே பாலிசி எடுப்பது பெரிய காரியமல்ல. நூல் கொடுத்த சீட்டுகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, தறியை செல்போனில் படம் எடுத்து வைத்தால் சர்வேயர் வரும்போது கைகொடுக்கும்.

அரசின் கணக்கு இன்னும் வேடிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. பட்டறையின் தீ பாலிசிக்கு மட்டும் 18 சதவீதம் அப்படியே. ஜிஎஸ்டி பதிவுள்ள பெரிய கம்பெனி அதை இன்புட் கிரெடிட்டில் கழித்துக் கொள்ளும். பதிவில்லாத கைத்தறிக்காரர் முழுதும் கையிலிருந்து கட்ட வேண்டும். யாருக்குச் சலுகை தேவை?

"ஒன்றும் நடக்காவிட்டால் கட்டிய பணம் வீண்தானே?" என்று கேட்பார்கள். வீட்டுக்குப் பூட்டு வாங்கியவர், திருடன் வரவில்லையே என்று பூட்டின் விலையைத் திருப்பிக் கேட்பதில்லை. சேமிப்புக்கு வங்கியும் அஞ்சலகமும் இருக்கின்றன. இன்சூரன்ஸ் வேலை வேறு.

அடுத்த முறை ஏஜெண்ட் வந்து முதிர்வுத் தொகை பற்றி ஆரம்பித்தால், நெசவாளர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "என் தறி நனைஞ்சா எவ்வளவு தருவீங்க?" பதில் இல்லையென்றால் பாலிசியைக் கீழே வைத்துவிடலாம்.